பலகாரமும் இனிப்பும்: எதை உண்பது, எதை விடுவது?

இனிப்பு, பொரித்த பலகாரம், குளிர்பானம், பிஸ்கட் ஆகியவை உடலின் அன்றாடத் தேவைக்கு உரியவை அல்ல. சுவைக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் உண்ணப்படுபவை. அவற்றை முற்றிலும் விலக்க வேண்டிய கட்டாயம் நலமுடன் உள்ள பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் அனைத்தையும் உண்பதற்கு உடலில் இடமும் இல்லை. எனவே எதை உண்பது, எதை விடுவது என்று தெரிவு செய்வது தேவையாகிறது. அத்தெரிவை நீங்களே செய்துகொள்ள இப்பக்கம் உதவும்.

இத்தெரிவு ஏன் தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் உள்ளது. மேலும் 13.6 கோடிப் பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளனர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினர் நீரிழிவு உள்ளவர்கள் என்று அதே ஆய்வு தெரிவிக்கிறது. அதாவது ஏழு பேரில் ஒருவர்.

நீரிழிவு நோய்க்கு மரபு, வயது, உடல் உழைப்பின்மை, உறக்கக் குறைவு எனப் பல காரணங்கள் உண்டு. உணவு அவற்றுள் ஒன்று. மரபையும் வயதையும் மாற்ற இயலாது. உணவை மாற்ற இயலும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு இடம் உள்ளது?

உணவிலிருந்து உடல் பெறும் ஆற்றல் கிலோகலோரியில் அளக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் 'கலோரி' என்று கூறப்படுவது இதுவே. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கிலோகலோரி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது. எண்ணெயும் நெய்யும் சேர்ந்த பண்டங்கள் சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றலைத் தருவதற்கு இதுவே காரணம்.

அமர்ந்த நிலையில் பணிபுரியும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,110 கிலோகலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 1,660 கிலோகலோரியும் தேவை எனத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வரையறுத்துள்ளது. அதே நிலையில் உள்ள ஆணுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் எண்ணெய் அல்லது நெய் ஒரு நாளைக்குப் போதுமானது. தேக்கரண்டி அளவில் இது ஐந்து கரண்டிக்கு மேற்படாது. தாளிப்பதும் பொரிப்பதும் தோசைக்கு ஊற்றுவதும் இதற்குள் அடங்க வேண்டும்.

உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல், நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேற்கூறிய ஆணுக்கு இது ஏறத்தாழ 50 கிராம். பெண்ணுக்கு 40 கிராம். இதனை 25 கிராம் அளவுக்குக் குறைத்துக்கொள்வது மேலும் நன்மை தரும் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

மூன்று வேளை உணவு, பால், பழம் ஆகியவை போக, சுவைக்காக உண்ணும் பண்டங்களுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 கிலோகலோரி வரை ஒதுக்கலாம் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற கணக்கு. இது பெரிய அளவன்று. ஆகவேதான் அதை எதற்குச் செலவிடுகிறோம் என்பது முக்கியமாகிறது.

நினைவில் நில்லாத கலோரிகள்

இரு கணக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

வீட்டில் 100 கிராம் கடலை மாவு, 200 கிராம் சர்க்கரை, 150 கிராம் நெய் சேர்த்து மைசூர்பாகு கிளறப்படுகிறது. மாவில் ஏறத்தாழ 350, சர்க்கரையில் 800, நெய்யில் 1,350 என மொத்தம் 2,500 கிலோகலோரி. இதை 16 துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் ஏறத்தாழ 155 கிலோகலோரி இருக்கும்.

ஒருவர் நாள்தோறும் நான்கு முறை தேநீர் அருந்துகிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு 40 கிராம். பாலைக் கணக்கில் சேர்க்காமல், சர்க்கரை மட்டும் 160 கிலோகலோரி.

இரண்டும் ஏறத்தாழச் சமம். மைசூர்பாகை எடுக்கும்போது 'உண்ணலாமா, வேண்டாமா' என்று பலரும் தயங்குவர். தேநீரில் சர்க்கரை போடும்போது அந்தத் தயக்கம் எழுவதில்லை. மைசூர்பாகு ஆண்டில் சில நாட்களுக்கு உரியது. தேநீர் 365 நாட்களுக்கும் உரியது. எடையையும் இரத்தச் சர்க்கரையையும் பெரிதும் பாதிப்பது எப்போதோ வரும் பண்டிகை நாள் அன்று. வழக்கமாகிவிட்ட சாதாரண நாளே ஆகும்.

ஒவ்வொரு தேநீரிலும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையை மட்டும் குறைத்தால் நாளொன்றுக்கு 80, வாரத்திற்கு 560 கிலோகலோரி குறையும். இது மூன்று துண்டு மைசூர்பாகுக்கு மேற்பட்ட அளவு. குறைந்த இனிப்புக்கு நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

கவனமின்றி உண்ணப்படும் பிற பண்டங்கள்:

- தொலைக்காட்சி பார்த்தவாறே உண்ணும் மிக்சர், காராபூந்தி
- அலுவலகக் கூட்டங்களில் தட்டில் வைக்கப்படும் பிஸ்கட்
- குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்து உண்பது
- சமைக்கும்போது சுவை பார்க்கும் சாக்கில் உண்ணும் அப்பளம், வடை
- பயணத்தின்போது வாங்கும் குளிர்பானம்

இவற்றை உண்டதாகப் பலருக்கு அன்று மாலையே நினைவிருப்பதில்லை. நினைவில் நில்லாத ஒன்றைக் கைவிடுவதில் இழப்பும் இல்லை. எனவே குறைப்பதை இங்கிருந்து தொடங்குங்கள்.

சில பண்டங்களில் உள்ள ஆற்றல்

கீழே உள்ளவை தோராயமான அளவுகள். பண்டத்தின் எடை, எண்ணெய், இனிப்பு ஆகியவற்றைப் பொறுத்து இவை மாறும்.

- சர்க்கரை இரண்டு தேக்கரண்டி சேர்த்த பால் தேநீர், ஒரு குவளை: 80 முதல் 90 கிலோகலோரி
- உளுந்து வடை, ஒன்று: 100 முதல் 150
- குலாப் ஜாமுன், ஒன்று: 120 முதல் 150
- குளிர்பானம், 300 மில்லிலிட்டர்: ஏறத்தாழ 125 (சர்க்கரை 30 கிராமுக்கு மேல்)
- கடலைமிட்டாய், 30 கிராம்: ஏறத்தாழ 150
- மிக்சர், ஒரு கைப்பிடி (30 கிராம்): 150 முதல் 165
- உருளைக்கிழங்கு வறுவல், 30 கிராம்: ஏறத்தாழ 160
- கிரீம் பிஸ்கட், நான்கு: ஏறத்தாழ 200
- வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல், 100 கிராம்: ஏறத்தாழ 160

இப்பட்டியலில் கலோரி அளவு ஒத்திருந்தாலும் பயன் ஒத்திருப்பதில்லை. சுண்டலில் புரதமும் நார்ச்சத்தும் உள்ளன, பசி அடங்கும். கடலைமிட்டாயில் இனிப்புடன் நிலக்கடலையின் புரதமும் உண்டு. குளிர்பானத்தில் சர்க்கரையைத் தவிர வேறு சத்து இல்லை. நீர்ம வடிவில் இருப்பதால் அருந்திய பின்னும் பசி குறைவதில்லை. அதனால் அடுத்த வேளை உணவும் குறைவதில்லை.

தகுதியை அறிய ஐந்து கேள்விகள்

ஒரு பண்டத்தைக் கையில் எடுக்கும் முன் கீழ்க்காணும் கேள்விகளை உங்களுக்குள் கேட்டுப்பாருங்கள்.

1. இது எனக்கு உண்மையிலேயே பிடித்தமானதா? எதிரில் இருப்பதால் உண்பது வேறு. விரும்பி உண்பது வேறு. அது எதிரில் இல்லாதிருந்தால் தேடிச் சென்று வாங்குவீர்களா என்று எண்ணிப்பாருங்கள். இல்லை என்பது விடையானால் அதை விட்டுவிடலாம்.

2. இது மீண்டும் எளிதாகக் கிடைக்குமா? ஆண்டுக்கு ஒருமுறை வீட்டில் சுடும் அதிரசமும், திருவில்லிபுத்தூர் சென்றபோது வாங்கும் பால்கோவாவும் அரிதானவை. தெருமுனைக் கடையில் நாள்தோறும் கிடைக்கும் பொட்டலத்தை இன்று விட்டால் நாளையும் கிடைக்கும்.

3. நன்றாகச் செய்யப்பட்டதா? நெய் வாசம் மாறிய இனிப்பு, நமத்துப்போன முறுக்கு, ஆறிப்போன பஜ்ஜி ஆகியவற்றிலும் கலோரி முழுமையாகவே உள்ளது. சுவை மட்டுமே குறைந்துள்ளது. ஒரு வாய் உண்டதும் சுவை இல்லை எனத் தெரிந்தால், வாங்கிவிட்டோம் என்பதற்காக முடிக்க வேண்டியதில்லை.

4. நான் பசியோடு இருக்கிறேனா? பசிக்கு உரியது உணவு. பசித்திருக்கும்போது இனிப்பையோ பலகாரத்தையோ எடுத்தால் அளவு கட்டுக்குள் நிற்பதில்லை. முதலில் உணவு உண்டு, பின்னர் சிறிதளவு சுவையுங்கள். சோர்வு, சலிப்பு, மன அழுத்தம் ஆகியவையும் பசிபோலத் தோன்றக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

5. இன்று ஏற்கெனவே என்ன உண்டேன்? காலையில் பூரி, நண்பகலில் பிரியாணி என்றால் அன்றைய இடம் நிறைந்துவிட்டது. அதே இனிப்பை நாளை உண்ணலாம்.

முதல் மூன்று கேள்விகளுக்கும் 'ஆம், அரிது, ஆம்' என விடை வந்தால் அப்பண்டம் பெரும்பாலும் அதன் கலோரிக்குத் தகுதியுடையது. குற்ற உணர்வின்றி, அளவாக உண்ணலாம்.

எடுத்துக்காட்டு: தீபாவளி வாரம்

தீபாவளியை ஒட்டி ஒரு வீட்டில் அதிரசமும் முறுக்கும் செய்யப்படுகின்றன. அண்டை வீடுகளிலிருந்து லட்டு, பாதுஷா, ரிப்பன் பக்கோடா வருகின்றன. அலுவலகத்தில் ஓர் இனிப்புப் பெட்டி தரப்படுகிறது. அனைத்திலும் ஒன்று வீதம் உண்டாலே ஒரே நாளில் 800 கிலோகலோரியைத் தாண்டக்கூடும்.

இந்நிலையில் பின்வருமாறு திட்டமிடலாம்:

- இவ்வாண்டு உங்களுக்கு வேண்டிய இரண்டு பண்டங்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வீட்டில் செய்த அதிரசம் ஒன்று, முறுக்கு ஒன்று எனக் கொள்ளலாம்.
- அவற்றைப் பண்டிகை நாளன்று அமர்ந்து, தட்டில் வைத்து உண்ணுங்கள். டப்பாவிலிருந்து நேரடியாக எடுத்து உண்ண வேண்டாம்.
- பெட்டியில் வந்தவற்றைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளுங்கள். எஞ்சியதை மேசைமேல் வைக்காமல் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.
- அந்த வாரம் தேநீர், காபியில் சர்க்கரையைக் குறையுங்கள், பிஸ்கட்டைத் தவிருங்கள்.
- அடுத்த ஆண்டு செய்யும்போது துண்டுகளைச் சிறிதாக வெட்டுங்கள். மேற்கூறிய மைசூர்பாகை 16-க்கு மாற்றாக 25 துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் 100 கிலோகலோரியே இருக்கும், சுவை மாறுவதில்லை.

விருந்தோம்பலும் மறுப்பும்

'ஒன்று மட்டும் வைக்கக் கூடாது' என்று கூறி இரண்டாவது இனிப்பையும் இலையில் வைப்பது நம் வழக்கம். அன்பினால் செய்யப்படும் இதனை மறுப்பது பலருக்குத் தயக்கம் தருகிறது. தொடக்கத்திலேயே 'பாதி போதும்' என்று கேட்டு வாங்குவது, வைத்த பின் மிச்சம் விடுவதைவிட எளிது. 'மிகவும் நன்றாக இருக்கிறது, வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன்' என்று கூறுவதும் விருந்தளிப்பவரை வருத்தாது.

விருந்தளிப்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. வேண்டாம் என்று ஒருவர் கூறினால் மீண்டும் வற்புறுத்த வேண்டாம். அவருக்கு நீரிழிவு இருப்பதைப் பலர் முன்னிலையில் கூற அவர் விரும்பாமல் இருக்கலாம்.

பொதுவாகக் காணப்படும் தவறான எண்ணங்கள்

*'வெல்லமும் கருப்பட்டியும் உண்டால் சர்க்கரை ஏறாது.'*
100 கிராம் சர்க்கரையில் ஏறத்தாழ 400 கிலோகலோரியும், 100 கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 380 கிலோகலோரியும் உள்ளன. வெல்லத்தில் சிறிதளவு தாதுக்கள் உண்டு. எனினும் வெல்லமும் கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும். சுவைக்காக அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். மருந்தாகக் கருத வேண்டாம்.

*'சர்க்கரை சேர்க்கப்படாத இனிப்பை எவ்வளவும் உண்ணலாம்.'*
அவற்றில் நெய், மாவு, பால்கோவா ஆகியவை உள்ளன; அவற்றின் கலோரி குறைவதில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியுள்ளது. அப்பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு உரியதன்று. அவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

*'நடந்து கரைத்துவிடலாம்.'*
60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் ஏறத்தாழ 120 கிலோகலோரி செலவாகும். ஒரு துண்டு மைசூர்பாகுக்கு 40 நிமிடம் நடக்க வேண்டும். நடைப்பயிற்சி இதயத்திற்கும் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கும் இன்றியமையாதது. ஆனால் உண்டதற்குத் தண்டனையாக அதைக் கருதுவது நெடுநாள் நிலைப்பதில்லை.

*'மாலை விருந்து இருப்பதால் பகல் உணவைத் தவிர்க்கிறேன்.'*
வெறும் வயிற்றுடன் விருந்துக்குச் சென்றால் வழக்கத்தைவிட மிகுதியாக உண்ண நேரும். பகலில் காய்கறியும் பருப்பும் மிகுந்த எளிய உணவை உண்பதே நன்று. இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் உணவைத் தவிர்ப்பது ஆபத்தானது.

கலோரி மட்டுமே அளவுகோல் அன்று

சில பண்டங்கள் கலோரி குறைவாக இருந்தாலும் வேறு காரணங்களால் தவிர்க்கத்தக்கவை.

- உப்பு: நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும். மிக்சர், வறுவல், அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றில் உப்பு மிகுதி. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இனிப்பைவிட இவற்றிலேயே கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.
- டிரான்ஸ் கொழுப்பு: வனஸ்பதியில் செய்யப்படும் இனிப்பு, பஃப்ஸ் போன்றவற்றில் இது இருக்கக்கூடும். இதய நோய்க்கு வழிவகுப்பதால், எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது 2 விழுக்காட்டிற்கு மேற்படக் கூடாது என்ற விதி 2022 சனவரி முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது.
- மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய்: கருத்து, நுரைத்து, பிசுபிசுத்த எண்ணெயில் பொரித்த பண்டங்களைத் தவிருங்கள். வீட்டிலும் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

பொட்டலப் பண்டங்களை வாங்கும்போது பின்புறம் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் படியுங்கள். அளவுகள் பெரும்பாலும் 100 கிராமுக்கு உரியவை. உங்கள் கையில் உள்ள பொட்டலத்தின் எடையைப் பார்த்துக் கணக்கிடுங்கள். சேர்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். முதல் மூன்று இடங்களில் சர்க்கரையோ எண்ணெயோ இருந்தால் அது எப்போதாவது உண்ணத்தக்க பண்டம் என்று கொள்ளுங்கள்.

கூடுதல் கவனம் தேவைப்படுபவர்கள்

நீரிழிவு உள்ளவர்கள்: இனிப்பு உண்ண விரும்பினால் எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வெறும் வயிற்றில் தனியாக உண்பதைவிட, காய்கறியும் புரதமும் உள்ள உணவின் இறுதியில் சிறிதளவு உண்பது சர்க்கரை விரைந்து உயர்வதைக் குறைக்கும். அந்த வேளையில் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இனிப்பு உண்பதற்காக மருந்தின் அளவை நீங்களே கூட்ட வேண்டாம்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே அருந்த வேண்டும். அது சிகிச்சை, இங்குக் கூறிய கணக்கு அதற்குப் பொருந்தாது. நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

குழந்தைகள்: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சர்க்கரை சேர்த்த உணவும் பானமும் தேவையில்லை. வளர்ந்த குழந்தைகளுக்கு இனிப்பைப் பரிசாகவோ, அதை மறுப்பதைத் தண்டனையாகவோ பயன்படுத்த வேண்டாம். அவர்கள் முன்னிலையில் அவர்களின் உடல் எடையைப் பற்றிப் பேச வேண்டாம்.

எடை குறைவாக உள்ளவர்கள், கருவுற்ற தாய்மார்கள், நோயிலிருந்து மீள்பவர்கள்: இவர்களுக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படலாம். இப்பக்கத்தில் உள்ள அளவுகளை அப்படியே பின்பற்றாமல் மருத்துவ ஆலோசனை பெறுங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

- இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அளவைத் தாண்டினால்
- உடல் நிறை குறியீட்டெண் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால்
- காரணமின்றி எடை குறைதல், மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை இருந்தால்
- உண்பதைக் கட்டுப்படுத்த இயலாமை, உண்டபின் கடும் குற்ற உணர்வு, வாந்தியை வரவழைத்தல், நாள் முழுவதும் கலோரி எண்ணிக்கொண்டிருத்தல் ஆகியவை இருந்தால். இவை சிகிச்சையால் குணப்படுத்தக்கூடியவை. வெட்கப்பட வேண்டியவை அல்ல.

30 வயது நிறைந்த அனைவருக்கும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தப் பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் உங்கள் இல்லத்திற்கு வரும்போதும் பரிசோதனை செய்துகொள்ளலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

- சுவைக்காக உண்பதற்கு நாளொன்றுக்கு உள்ள இடம் சிறிது. அதை விருப்பமானதற்கே செலவிடுங்கள்.
- வழக்கமாகிவிட்டதை முதலில் குறையுங்கள். அரிதானதைக் கடைசியில் குறையுங்கள்.
- தேர்ந்தெடுத்ததை அமர்ந்து, மெதுவாக, முழுக் கவனத்துடன் உண்ணுங்கள்.
- ஒரு நாள் மிகுதியாக உண்டுவிட்டால் அடுத்த வேளையிலிருந்து வழக்கமான உணவுக்குத் திரும்புங்கள். பட்டினி கிடக்க வேண்டாம்.

இன்று இரவு உறங்கும் முன், உணவு வேளைகளுக்கு இடையில் உண்டவை, பருகியவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப்பாருங்கள். அவற்றுள் எவற்றின் சுவை இன்னும் நினைவில் உள்ளதோ அவற்றுக்குக் குறியிடுங்கள். குறியிடாதவற்றுள் ஒன்றை நாளை முதல் விட்டுவிடுங்கள்.

*இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகாது.*